சிரிப்பை விற்ற கம்பெனிகள்

குற்றாலத்தில் கலைவாணர் அரங்கத்தைத் தெரியாத வியாபாரி நம் பக்கத்தில் இருக்க முடியாது. சீசன் காலத்தில் அரசு நடத்தும் சாரல் திருவிழா அங்கேதான் நடக்கிறது. பேரருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்து, நாதஸ்வரமோ, வில்லிசையோ, பட்டிமன்றமோ கேட்டுவிட்டு, போகிற வழியில் ஒரு கிலோ நேந்திரம் சிப்ஸ் கட்டச் சொல்லும் வாடிக்கையாளரை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அந்த அரங்கத்தின் பெயருக்கு உரியவர் தம் வாழ்க்கையைத் தொடங்கியது நம்மைப் போல ஒரு சில்லறை வியாபாரியாகத்தான் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29 அன்று பிறந்தவர் என்.எஸ்.கிருஷ்ணன். வறுமை காரணமாகச் சிறு வயதில் நாடகக் கொட்டகையில் சோடாவும் தின்பண்டமும் விற்றார். பெஞ்சுக்கும் தரைக்கும் இடையில் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்த பையன், பின்னாளில் அதே மாதிரிக் கொட்டகைகளில் நடிகரானார்; பிறகு தம் பெயரிலேயே ஒரு நாடக சபை நடத்தினார். மேடைத் தொழிலை வெளியில் இருந்தும் உள்ளே இருந்தும் பார்த்தவர்கள் அவரைப் போல அதிகம் பேர் இல்லை.

இந்தக் கட்டுரை கலை விமர்சனம் அல்ல. சிரிப்பையும் நாடகத்தையும் விற்றுப் பிழைத்த கம்பெனிகள் எப்படி வளர்ந்தன, எங்கே சறுக்கின, இன்று நகரங்களில் அதே தொழில் எந்த உருவத்தில் நடக்கிறது என்பதை வியாபாரிகளின் கண் கொண்டு பார்ப்பதுதான் நோக்கம். அதில் தென்காசி, குற்றாலம் வியாபாரிகளுக்கு ஒரு சொந்தக் கணக்கும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கொட்டகையும் கல்லாவும்

தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சிறுவர்களை வைத்து நாடகம் நடத்தியதால் இத்தகைய சபைகளுக்குப் 'பாய்ஸ் கம்பெனி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அங்கே பயின்ற டி.கே.எஸ். சகோதரர்கள் நால்வரும் 1925இல் திருவனந்தபுரத்தில் தங்கள் சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என நாலு பேரும் ஒரே குடும்பம். ஒருவர் எழுத்து, ஒருவர் நிர்வாகம், ஒருவர் நடிப்பு என்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட அந்த ஏற்பாட்டை நம் மளிகைக் கடைகளில் அண்ணன் கல்லாவிலும் தம்பி கொள்முதலிலும் நிற்பதோடு ஒப்பிடலாம். என்.எஸ்.கிருஷ்ணன் இளமையில் தேறியது இவர்களுடைய கம்பெனியில்தான்.

அந்தத் தொழிலின் நடைமுறையைக் கவனியுங்கள். நடிகர்கள், பின்பாட்டுக்காரர்கள், ஆர்மோனியம், மிருதங்கம், சமையல்காரர், சீன் கட்டுகிறவர்கள் என்று ஏராளமான பேர். அத்தனை பேருக்கும் தங்க 'கம்பெனி வீடு' வேண்டும். நாடகம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் வேளைக்குச் சோறு போட வேண்டும். சீன் திரைகளையும் உடுப்புப் பெட்டிகளையும் ரயிலில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டு போக வேண்டும். வரவு மட்டும் அன்றாட டிக்கெட் வசூல். தரை, பெஞ்சு, நாற்காலி என்று வகுப்புக்கு ஒரு விலை. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டால் அன்றைய வரவு போயிற்று. சமையல் செலவு மட்டும் அப்படியே நிற்கும்.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி வாங்கி விற்கிறவருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தக்காளியாவது இரண்டு நாள் தாங்கும். நாடகக்காரனின் சரக்கு இரவு ஒன்பதரை மணிக்கு விளக்கு எரிந்தவுடன் அழுகிவிடுகிற சரக்கு. இன்று விற்காத நாற்காலியை நாளைக்கு விற்க முடியாது. கையிருப்பில் வைக்க முடியாத இந்த ஒரே காரணத்தால்தான் எத்தனையோ நல்ல கம்பெனிகள், நாடகம் நன்றாக இருந்தும், கடனில் மூழ்கின. டி.கே.எஸ். சகோதரர்களே ஏற்றமும் இறக்கமும் பலமுறை கண்டவர்கள். கால் நூற்றாண்டு நடத்திய நிரந்தரக் கம்பெனியை 1950இல் கலைத்தார்கள். அதற்குப் பிறகும் அவர்கள் நாடகம் போட்டார்கள். ஆனால் ஆண்டு முழுதும் ஆள் வைத்துச் சோறு போடும் முறை அத்தோடு முடிந்தது.

முதலாளி இல்லாத கடை

என்.எஸ்.கே.யின் வியாபார மூளை எங்கே தெரிகிறது என்றால், சிரிப்பைத் தனிச் சரக்காகப் பிரித்ததில். 1936இல் 'சதி லீலாவதி' வந்ததிலிருந்து அவருக்குப் படங்கள் குவிந்தன. படத்தின் கதை வேறு, அவருடைய நகைச்சுவைப் பகுதி வேறு. தமக்கென்று ஒரு குழு வைத்து, டி.ஏ.மதுரத்துடன் சேர்ந்து அந்தப் பகுதியைத் தாமே யோசித்துத் தயாரித்துக் கொடுத்தார். பெரிய ஆலையின் பொருளுக்குள் சின்ன உற்பத்தியாளர் தம் முத்திரையோடு ஒரு பாகத்தைச் செய்து கொடுப்பது மாதிரி இது. முத்திரை நன்றாக இருந்ததால் படத்தைவிட அந்தப் பாகத்துக்காகவே டிக்கெட் வாங்கியவர்களும் உண்டு.

சோதனை 1944 டிசம்பரில் வந்தது. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கே.யும் கைது செய்யப்பட்டனர். 1945இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறு விசாரணையில் 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். இடைப்பட்ட காலம் இரண்டு வருடத்துக்கு மேல். அவர் பெயரில் இருந்த நாடக சபை என்ன ஆகியிருக்க வேண்டும்? முதலாளி ஜெயிலில், வழக்குச் செலவு மலை போல; பெயரை உச்சரித்தாலே ஊர் ஒரு மாதிரி பார்க்கும் நேரம்.

சபையை எஸ்.வி.சகஸ்ரநாமம் எடுத்து நடத்தினார். புது நாடகங்கள் போட்டார். 'பைத்தியக்காரன்' என்ற நாடகம் நன்றாக எடுபட்டது; அதையே படமாக எடுத்து 1947இல் வெளியிட்டார்கள். விடுதலையான என்.எஸ்.கே.யும் அதில் நடித்தார். எல்லாம் சுமுகமாகப் போயிற்று என்று சொல்ல முடியாது. சபையில் இருந்த கே.ஆர்.ராமசாமி பிரிந்து போய் 'கிருஷ்ணன் நாடக சபா' தொடங்கி, அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி', 'ஓர் இரவு' நாடகங்களை நடத்தினார். சகஸ்ரநாமமும் பிற்பாடு 'சேவா ஸ்டேஜ்' என்று தனியாகப் போனார். பிரிந்து போனவர் தம் புதுச் சபைக்கும் பழைய முதலாளியின் பெயரையே வைத்தார் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். கடைப்பையன் தனிக்கடை போடும்போது நம் பெயரைப் பலகையில் எழுதுகிறான் என்றால் நாம் அவனை எப்படி வைத்திருந்தோம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

கணக்கு வழக்கில் மட்டும் கலைவாணரைப் பின்பற்றச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை கூற மாட்டேன். கேட்டவருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவர். 1957 ஆகஸ்ட் 30இல் அவர் மறைந்தபோது புகழ் இருந்தது, ஐந்தொகையில் ஒன்றும் இல்லை.

நம் ஊர்ச் சரக்கு

இன்றைக்குச் சென்னையிலும் பெங்களூரிலும் ஒரே ஆள் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் சிரிக்க வைக்கிற நிகழ்ச்சிக்கு 'ஸ்டாண்ட்அப் காமெடி' என்று பெயர். ஏதோ மேல்நாட்டிலிருந்து இறங்கிய புதுப் பண்டம் போல நம் பிள்ளைகள் பேசுகிறார்கள். நெல்லை, தென்காசி, குமரிப் பக்கத்துச் சுடலைமாடன் கொடையிலும் அம்மன் கொடையிலும் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவருக்கு இது புதுசா? அண்ணாவி கதை சொல்வார். பக்கப்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவார், குறுக்குக் கேள்வி கேட்பார். கூட்டத்தில் தூங்குகிறவரைப் பார்த்து ஒரு கேலி விழும். ஊர்க் கணக்குப்பிள்ளையும் கடைக்காரரும்கூடத் தப்ப மாட்டார்கள். வில், குடம், உடுக்கை, கட்டை, தாளம் தவிர வேறு முதல் இல்லை. சீன் திரை இல்லை, கம்பெனி வீடு இல்லை. வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுத்துவிட்டால் குழு வந்து இறங்கும். மழை வந்தாலும் பேசிய தொகை கொடைக் கமிட்டியின் பொறுப்பு. பாய்ஸ் கம்பெனியைக் கொன்ற நோய் வில்லிசைக்கு வராததற்கு இதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் கலையைக் கோயில் வாசலிலிருந்து நகரத்து மேடைக்குக் கொண்டு போனவர்களில் முதன்மையானவர் கலைவாணர். நெல்லைச் சீமையின் சத்திரப் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துச் சென்றதும் அவரே. காந்தி கதையை வில்லில் பாடிய அந்தக் கவிஞர், கோயிலில், வானொலியில், பிறகு தொலைக்காட்சியில் என்று மாறி வந்த ஒவ்வொரு கடைத்தெருவிலும் அதே வில்லை வைத்தே பிழைத்தார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். 2022 அக்டோபரில் காலமானார்.

சபா என்ற மாதக் கணக்கு

சென்னையில் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாஸ சபை, வேலை பார்க்கிற படித்தவர்கள் ஓய்வு நேரத்தில் நடிக்கும் சங்கம். அதன் பிறகு மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பக்கம் சபாக்கள் பெருகின. சந்தா கட்டிய உறுப்பினருக்கு மாதா மாதம் ஒரு நாடகமோ கச்சேரியோ உண்டு. நாடகக் குழுவுக்குச் சபா பேசிய தொகையைக் கொடுத்துவிடும். மாதக் கணக்கு வைத்துச் சாமான் வாங்கும் வாடிக்கைக் குடும்பம் நமக்கு எப்படியோ, அப்படித்தான் சந்தாதாரர் சபாவுக்கு. ஊரில் மழை பெய்தாலும் சந்தா வந்துவிட்டது.

இந்த முறையில் நன்றாக விளைந்தது நகைச்சுவை நாடகம். எஸ்.வி.சேகரின் 'நாடகப்பிரியா' குழுவுக்காக 1976இல் 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதிய பொறியாளர் மோகன், அந்த நாடகத்தின் பெயராலேயே கிரேஸி மோகன் ஆனார். 1979இல் தம்பி பாலாஜியோடு சேர்ந்து 'கிரேஸி கிரியேஷன்ஸ்' தொடங்கினார். அவருடைய நாடகங்களில் கதாநாயகன் பெயர் பெரும்பாலும் மாது, நாயகி ஜானகி. கதை மாறும், பெயர் மாறாது. ஒரே பாக்கெட் நிறத்தில் பல சரக்கு விற்கிற தந்திரம் இது. 'மாது' என்றால் வீட்டில் பாட்டி முதல் பேத்தி வரை கூட்டிக்கொண்டு போகலாம், முகம் சுளிக்க ஒன்றும் இருக்காது என்று வாடிக்கையாளருக்குத் தெரியும். 2019 ஜூன் 10இல் அவர் காலமாகும் வரை அந்தத் தரம் குறையவில்லை.

1990களில் வீட்டுக்கு வீடு வந்த தொலைக்காட்சித் தொடர்கள் சபாக்களின் வயிற்றில் அடித்தன. வீட்டுக்கூடத்தில் ஓசியில் கிடைக்கிற சரக்கோடு போட்டி போடுவது யாருக்கும் கஷ்டம்தான்.

புதுக் கணக்கு

2003இல் கார்த்திக் குமார், சுனில் விஷ்ணு என்ற இருவர் சென்னையில் 'எவம்' என்ற பெயரில் நிறுவனம் தொடங்கினர். முன்னவரை 'அலைபாயுதே' படத்தில் பார்த்திருப்பீர்கள். இருவரும் அகமதாபாத்தில் விளம்பரம், சந்தை நிர்வாகம் படித்தவர்கள். நாடகத்தை முழுநேரத் தொழிலாகவே நடத்துவது என்று இறங்கினார்கள். முதலில் ஆங்கில நாடகங்கள். சேத்தன் பகத்தின் 'ஃபைவ் பாயிண்ட் சம்ஒன்' நாவலை மேடையேற்றியது நல்ல பெயர் வாங்கித் தந்தது. டிக்கெட் பணத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பது டி.கே.எஸ். காலத்திலேயே தெரிந்த பாடம் அல்லவா? ஆகவே இரண்டு கிளை போட்டார்கள். ஒன்று, கம்பெனி ஊழியர்களுக்கு நாடகப் பயிற்சி மூலம் பேச்சும் கூட்டு வேலையும் கற்றுக் கொடுப்பது. இன்னொன்று 'ஸ்டாண்ட்அப் தமாஷா' என்ற நகைச்சுவைப் பிரிவு. பயிற்சியில் வரும் நிலையான வருமானம் மேடைச் செலவைத் தாங்கும். அரிசியில் லாபம் மெலிதாக இருந்தாலும் மசாலாவிலும் எண்ணெயிலும் ஈடு கட்டுகிற நம் கணக்குத்தான்.

நகைச்சுவைப் பிரிவின் சௌகரியம், சரக்கைக் கொண்டு போகக் கூலி இல்லை. ஒரு ஆள், ஒரு மைக், ஒரு ஸ்டூல். மென்பொருள் வேலையை விட்டு வந்து பாட்டும் சிரிப்பும் கலந்து தமிழில் நிகழ்ச்சி நடத்தும் அலெக்சாண்டர் பாபு போன்றவர்கள் வெளிநாட்டுத் தமிழர்களிடமும் அரங்கம் நிறைக்கிறார்கள். 2020இல் அமேசான் பிரைம் 'காமிக்ஸ்தான் செம காமெடி பா' என்று தமிழிலேயே போட்டி நிகழ்ச்சி வெளியிட்டது. தொலைக்காட்சி பறித்த வாடிக்கையைக் கைப்பேசி ஓரளவு திருப்பித் தந்திருக்கிறது என்று சொல்லலாம். கைப்பேசியில் பார்த்துப் பழகியவர் நேரில் பார்க்க டிக்கெட் வாங்குகிறார்.

இதற்கென்றே தனி அரங்கம் நடத்தும் தொழிலும் உண்டு. லண்டனில் 1979இல் ஒரு சிறிய மாடி அறையில் தொடங்கிய 'காமெடி ஸ்டோர்' இதற்கு முன்னோடிகளில் ஒன்று. புதியவர் மேடையேறுவார், பிடிக்காவிட்டால் மணி அடித்து இறக்கிவிடுவார்கள். மாதிரிப் பொட்டலம் கொடுத்து வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கிற வேலைதான், கொஞ்சம் இரக்கம் குறைவு. அதன் மும்பைக் கிளை 2010இல் வந்து, சில ஆண்டுகளில் 'கேன்வாஸ் லாஃப் கிளப்' எனப் பெயர் மாறியது. இதில் ஆபத்தும் இருக்கிறது. 2025 மார்ச்சில் மும்பை கார் பகுதியில் 'ஹேபிடட்' என்ற அரங்கம், அங்கே பதிவான ஓர் அரசியல் கேலிக்காக ஒரு கட்சித் தொண்டர்களால் அடித்து நொறுக்கப்பட்டது; கேலி பேசியவர் வேறு, கண்ணாடி உடைந்தது இடம் கொடுத்தவருடையது. கடையை வாடகைக்கு விடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

குற்றாலத்துக்கு வருவோம்

நம் சீசன் ஆனி, ஆடி, ஆவணி என்று மூன்று மாதம். அதில் அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போடும் நாட்கள் உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு மாணவன் உயிர் போனதைக் கண்ட நமக்கு, தடை தேவை என்பதில் மறு பேச்சு இருக்க முடியாது. ஆனால் தடை போட்ட அன்று சாயங்காலம் என்ன நடக்கிறது? குழந்தை குட்டிகளோடு வந்த குடும்பம், பிரானூர் பார்டரில் புரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டு அப்படியே ஊருக்கு வண்டியைத் திருப்புகிறது. அறை வாடகை போயிற்று. மறுநாள் காலைப் பலகாரம், பால், பழம், ஊருக்கு வாங்கும் சிப்ஸ், மிளகு, ஏலம் எல்லாம் போயிற்று. சாரல் திருவிழா நடக்கும் நாட்களில் மட்டும் சாயங்காலத்துக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. மற்ற நாட்களில்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் அனுமானம். உங்கள் அனுபவப்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் 300 நாற்காலி, டிக்கெட் 150 ரூபாய். நிறைந்தால் 45,000 ரூபாய். மண்டப வாடகை, ஒலிபெருக்கி, கலைஞர் சம்பளம், விளம்பரம் எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய் என்று வைத்தால் 200 நாற்காலி விற்றால்தான் கட்டும். 180 விற்றால் 3,000 ரூபாய் நட்டம். டிக்கெட்டை மட்டும் நம்பி ஒரு தனி ஆள் இதில் இறங்குவது சூதாட்டம். ஆனால் 30 கடைகளும் விடுதிகளும் சேர்ந்து ஆளுக்கு 5 டிக்கெட் முன்கூட்டியே வாங்கி, பெரிய பில் போடும் வாடிக்கையாளருக்கும் அறை எடுத்தவருக்கும் கொசுறாகக் கொடுத்தால்? அங்கேயே 150 நாற்காலி விற்றாயிற்று. ஒரு கடைக்கு 750 ரூபாய் செலவு. சந்தாவை முன்னே வாங்கிக்கொண்ட சபாவின் சூத்திரமும், மழைப் பொறுப்பை ஏற்ற கொடைக் கமிட்டியின் சூத்திரமும் இதுவேதான்.

கலைஞர்களுக்குச் சென்னைக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே வில்லிசைக் குழுக்கள் இருக்கிறார்கள்; பட்டிமன்றப் பேச்சாளர்கள் இருக்கிறார்கள்; பலகுரல் செய்யும் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள், சனிக்கிழமை என்று வைத்துப் பார்க்கலாம். புதியவருக்கு ஐந்தைந்து நிமிடம், பிறகு வில்லிசை ஒரு மணி நேரம். மணி அடித்து இறக்குவது வேண்டாம்; நம் ஊரில் அது சண்டையில் முடியும்.

இறங்குகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நாடகம், நடனம், இசை நிகழ்ச்சிகளுக்கு ஆளுக்கு 500 ரூபாய்க்கு மேற்படாத நுழைவுக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, முதலில் 250 ஆக இருந்த வரம்பு 2018 ஜனவரியில் உயர்த்தப்பட்டது. தனி ஆள் நகைச்சுவையை எந்த இனத்தில் சேர்ப்பது என்பதை உங்கள் ஆடிட்டரிடம் முன்னதாகவே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இன்னொன்று, இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிட்டால் சட்டத்துக்கும் பொருந்தும். வெளியே வருகிற கூட்டம் கடைத்தெருவில் நடக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் மிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் ஷட்டரை இறக்காமல் இருப்பது நம் கையில்.